பகலில் ஆறு, இரவில் புல்வெளி: நீர்யானையை அறிந்துகொள்வோம்

நீர்யானையின் உணவு ஆற்றில் இல்லை. அது தின்பது கரையில் வளரும் புல்லைத்தான். ஆனாலும் ஆப்பிரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் பகல் பொழுதை நீரில் கிடந்தே கழிக்கும் இவ்விலங்கு, பொழுது சாய்ந்த பின்னரே கரையேறி மேயப் போகிறது. மேய்ச்சல் ஓரிடம், இருப்பு வேறிடம் என்று அது ஏன் வாழ்கிறது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால், நீர்யானையைப் பற்றித் துண்டு துண்டாக நாம் கேள்விப்படும் வியப்பான செய்திகள் பலவும் ஒரே காரணத்திலிருந்து கிளைப்பவை என்பது விளங்கும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் நீர்யானையை முதன்முதலாகக் காண்பது தைப்பிங் மிருகக்காட்சி சாலையில்தான். 1961இல் தொடங்கப்பட்ட அந்தச் சாலை நம் நாட்டின் பழைமையான மிருகக்காட்சி சாலைகளில் ஒன்று; தமிழ்ப்பள்ளிகளின் கல்விச் சுற்றுலா என்றால் அதன் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. நண்பகல் வெயிலில் நீர்யானைக் குளத்தின் அருகே போய் நிற்கும் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரே கோட்டில் அமைந்த காதுகள், கண்கள், மூக்குத் துளைகள் ஆகியவை மட்டுமே. மற்றதெல்லாம் நீருக்கடியில் இருக்கும். அந்த விலங்கு சோம்பிக் கிடப்பதாகப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது தன் தோலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பதை யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும்.

நீர்யானையின் தோல் சில இடங்களில் 5 சென்டிமீட்டர் வரை தடிப்பானது. அவ்வளவு தடிப்பான தோலுக்கு வெயிலைக் கண்டு என்ன அச்சம் என்று கேட்கத் தோன்றும். தடிப்பெல்லாம் அடித்தோலில்தான் இருக்கிறது. வெளியே போர்த்தியிருக்கும் மேற்தோல் மிக மெல்லியது. உடலில் மயிரும் பெரும்பாலும் இல்லை. மேற்தோல் வழியாக ஈரம் மற்றப் பாலூட்டிகளைக் காட்டிலும் பல மடங்கு வேகமாக வெளியேறிவிடுவதால், நீர்யானை வெயிலில் நெடுநேரம் நின்றால் அதன் தோல் வறண்டு வெடிக்கும். உடலின் நீர்ச்சத்தும் குறைந்துபோகும். நமக்கு வேர்ப்பதைப் போல வேர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் வியர்வைச் சுரப்பிகளும் அதற்கு இல்லை. ஆகவே ஆப்பிரிக்காவின் பகல் வெயிலைத் தாங்க அதற்கிருக்கும் முதன்மையான வழி, நீரில் இறங்கிக்கொள்வதுதான்.

நீரை விட்டு வெளியே வரும் வேளைக்கென்று அதன் உடல் வேறோர் ஏற்பாட்டையும் வைத்திருக்கிறது. தோலுக்கடியிலுள்ள தனிவகைச் சுரப்பிகளிலிருந்து பிசுபிசுப்பான நீர்மம் ஒன்று கசிகிறது. கசியும்போது அதற்கு நிறமில்லை. சில நிமிடங்களில் செந்நிறமாகி, சில மணி நேரத்தில் பழுப்பாக மாறிவிடுகிறது. கரையேறி நிற்கும் நீர்யானையின் கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் இந்தச் சிவப்புத் துளிகள் திரண்டு வழிவதைப் பார்க்கும் பிள்ளை, "டீச்சர், அதுக்கு ரத்தம் வருது" என்று பதறிச் சொல்வது இயல்பே. "ரத்தம் இல்லைமா, வெயில் சுடாம இருக்க அது தானே பூசிக்கிற மருந்து" என்று பதில் சொல்லும் ஆசிரியை பெருமளவுக்குச் சரியாகவே சொல்கிறார்.

இந்தச் சிவப்பின் வேதியியலை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அதில் இரண்டு நிறமிகள் உள்ளன. சிவப்பு நிறமிக்கு ஹிப்போசூடோரிக் அமிலம் என்றும், ஆரஞ்சு நிறமிக்கு நார்ஹிப்போசூடோரிக் அமிலம் என்றும் பெயரிட்டார்கள். இரண்டுமே புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்வதால் மெல்லிய மேற்தோல் வெயிலில் வெந்துபோகாமல் தப்புகிறது. அதோடு, நோய் உண்டாக்கும் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைச் சிவப்பு நிறமி தடுக்கிறது. நீர்யானைகள் ஓயாமல் சண்டையிட்டுக் காயப்படுபவை. காயத்தோடு கலங்கிய, சாணம் நிறைந்த நீரில் கிடப்பவை. அப்படியிருந்தும் அவற்றின் புண்கள் எளிதில் சீழ் பிடிப்பதில்லை. என் பார்வையில் நீர்யானையைப் பற்றிய செய்திகளில் மிக வியப்பானது இதுவே. அதன் பருமனைப் பற்றியும் வாயைப் பற்றியும் பேசப்படுவதில் பாதியளவுகூட இதைப் பற்றிப் பேசப்படுவதில்லை.

இதனோடு சேர்த்து ஒரு தவறான செய்தியையும் ஒதுக்கிவைத்துவிடலாம். நீர்யானையின் பால் இளஞ்சிவப்பு நிறமுடையது என்று கைப்பேசிகளில் அடிக்கடி பகிரப்படுகிறது. அது உண்மையில்லை. பால் வெண்மையானதுதான், தோலில் கசியும் செந்நீர்மத்தைப் பற்றிய செய்தி வழியில் எங்கேயோ திரிந்து பாலின் மேல் ஏறிக்கொண்டிருக்க வேண்டும்.

இனி நீருக்குள் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். பகல் முழுவதும் நீரில் வாழ்ந்தாலும் வளர்ந்த நீர்யானை நீந்துவதில்லை. நன்கு வளர்ந்த ஆண் 1,500 கிலோ முதல் 3,000 கிலோ வரை எடையுள்ளது; யானைக்கும் வெள்ளைக் காண்டாமிருகத்துக்கும் அடுத்தபடியாகத் தரைவாழ் விலங்குகளில் அதுவே எடை மிகுந்தது. அதன் எலும்புகள் அடர்த்தியானவை; உடல் நீரில் மிதக்காமல் அமிழ்ந்துவிடும். எனவே ஆற்றின் அடித்தரையில் கால் ஊன்றி நடக்கிறது, அல்லது தரையை உந்தித் தள்ளி மெல்ல மெல்லத் தாவிச் செல்கிறது. நீர் அதன் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்வதால் அந்த நடை கண்ணுக்கு இதமாகவும் பாரமற்றதாகவும் தோன்றுகிறது. தரையிலோ அது மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. 2024இல் பிரிட்டனின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் காணொளிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவின்படி, வேகமாக ஓடும் நீர்யானையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழும்பிவிடுகின்றன. அந்தக் கணம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே. இருந்தாலும் அவ்வளவு பெரிய உடல் காற்றில் மிதக்கும் கணம் அது.

வளர்ந்த நீர்யானை ஏறத்தாழ ஐந்து நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கியிருக்கும். மூழ்கும்போது மூக்குத் துளைகளும் காதுகளும் தாமாக மூடிக்கொள்கின்றன. உறங்கும்போதும் இதே ஒழுங்குதான்: உடல் தன்னையறியாமல் மேலெழும்பும், மூக்கு திறக்கும், மூச்சு வாங்கும், மறுபடி அமிழும், விலங்கு விழித்துக்கொள்வதில்லை. குளத்தருகே பொறுமையாகக் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்த மேலெழும்பும் கணத்தைத்தான். மூக்குத் துளைகள் பளிச்சென்று திறந்து நீர்த்திவலைகளைப் பீய்ச்சும். அடுத்து காதுகள் இரண்டும் சுழன்று நீரை உதறும்.

ஏறத்தாழ எட்டு மாதக் கருக்காலத்துக்குப் பிறகு கன்று பெரும்பாலும் நீரிலேயே பிறக்கிறது. பிறந்த கன்று முதல் மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டும். தாய் அதை முகத்தால் உந்திவிடும். பால் குடிப்பதும் நீருக்கடியில்தான்; நெடுநேரம் மூச்சடக்க இயலாத கன்று சற்றுக் குடிப்பதும் மேலே வருவதுமாக இருக்கும். ஆழமான இடத்தில் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். தாயின் துணை கன்றுக்கு எவ்வளவு தேவை என்பதை உலகமே பார்க்க நேர்ந்தது 2004 டிசம்பரில். கெடாவின் கோலா மூடாவையும் பினாங்குக் கரையையும் தாக்கிய அதே ஆழிப்பேரலைக் காலத்தில், கென்யாவின் மலிண்டிக் கடலோரத்தில் தாயைப் பிரிந்த நீர்யானைக் கன்று ஒன்று சிக்கிக்கொண்டது. மீட்டு மொம்பாசாவிலுள்ள ஹாலர் பூங்காவில் விட்டார்கள். அது நேரே போய் ஒட்டிக்கொண்டது, 130 வயதிருக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பெரிய ஆமையோடு. தாயின் பருமனும் தாயின் அமைதியும் அந்த ஆமையிடம் இருந்திருக்கலாம்.

பொழுது இறங்கியதும் நீர்யானைகள் பழக்கப்பட்ட தடங்கள் வழியே கரையேறுகின்றன. நீரில் கூட்டமாகக் கிடந்தவை மேயும்போது பிரிந்து தனித்தனியாகப் போகின்றன; தாய் மட்டும் கன்றோடு போகும். புல்லைப் பல்லால் கடிப்பதில்லை. அரை மீட்டர் அகலமுள்ள தடித்த உதடுகளால் பற்றி இழுத்து அறுக்கின்றன. ஓர் இரவில் ஏறத்தாழ 40 கிலோ புல் தின்னும் என்பார்கள். அந்த உடலுக்கு இது குறைவான தீனிதான். பகலெல்லாம் நீர் எடையைத் தாங்கிக்கொண்டு, உடலையும் குளிர்ச்சியாக வைத்திருப்பதால் சக்தி வீணாவதில்லை. விடிவதற்குள் நீருக்குத் திரும்பிவிடுகின்றன.

அப்படியானால், வாயைப் பிளந்ததும் தெரியும் அந்தப் பெரிய பற்கள் எதற்கு? அவை சண்டைக்கு. கீழ்த்தாடைக் கோரைப்பற்கள் 50 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியவை. மேற்பற்களோடு உராய்ந்து உராய்ந்து தாமாகவே கூர்மை பெறுகின்றன. ஆற்றின் ஒரு பகுதியைத் தனதாக்கிக்கொண்ட ஆண், வேறு ஆண் நெருங்கினால் வாயை ஏறத்தாழ 150 பாகை அளவுக்குத் திறந்து காட்டும். நாம் கொட்டாவி என்று எண்ணிச் சிரிக்கும் அச்செயல் பெரும்பாலும் எச்சரிக்கை. மனிதர்களுக்கும் அதே எச்சரிக்கைதான். ஆப்பிரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பேர் நீர்யானைகளால் உயிரிழப்பதாக ஒரு மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது. நீர் எடுக்கப் போகிறவர்களும் சிறு படகில் மீன்பிடிப்பவர்களும் அதில் மிகுதி. நீர்யானைக்கும் ஆற்றுக்கும் நடுவே, அல்லது தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருவர் தெரியாமல் நின்றுவிடுவதே பல தாக்குதல்களுக்குக் காரணம். தப்பிக்கும் வழி அடைபட்டது என்று எண்ணும் விலங்கின் அச்சம் அது.

இரவில் தின்றது பகலில் எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அதன் விடை ஆற்றின் தலையெழுத்தையே மாற்றுகிறது. புல்வெளியில் தின்ற புல் ஆற்றில் சாணமாக இறங்குகிறது. கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குப் பாயும் மாரா ஆற்றில் 4,000க்கும் மேற்பட்ட நீர்யானைகள் வாழ்கின்றன. அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,500 கிலோ கரிமப் பொருளை ஆற்றில் சேர்க்கின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2018இல் வெளியிட்டார்கள். வறண்ட காலத்தில் ஆற்றோட்டம் தளர்ந்து, நீர்யானைகள் கிடக்கும் மடுக்களில் இது மண்டிப்போகிறது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அடிநீரிலுள்ள ஆக்சிஜனையெல்லாம் இழுத்துக்கொள்கின்றன. பிறகு ஆற்றின் மேற்பகுதியில் பெருமழை பெய்து வெள்ளம் வந்தால், ஆக்சிஜன் இல்லாத அந்தக் கரிய நீர் மொத்தமாகக் கீழே தள்ளப்படுகிறது. மீன்கள் செத்து மிதக்கின்றன. செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குட்டை உடைந்து ஆற்றில் கலந்த நாளில் மீன்கள் வாய்பிளந்து மேலே வருவதைப் பார்த்திருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இரண்டிலும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் முறை ஒன்றுதான். வேறுபாடு என்னவென்றால், மாராவில் இது நெடுங்காலமாக நடந்துவரும் இயற்கைச் சுழற்சி. செத்த மீன் பறவைகளுக்கும் முதலைகளுக்கும் இரையாகிறது; சில நாட்களில் ஆறு தேறிவிடுகிறது.

சாணத்தால் கேடு மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. புல்லில் சிலிக்கா என்னும் கனிமச் சத்து உண்டு. மாராவின் நீர்யானைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோ சிலிக்காவைப் புல்வெளியிலிருந்து ஆற்றுக்குக் கொண்டுசேர்ப்பதாக 2019இல் மற்றோர் ஆய்வு காட்டியது. டயட்டம் எனப்படும் நுண்பாசிகள் தம் உடற்கூட்டைக் கட்டிக்கொள்ள சிலிக்கா இன்றியமையாதது. அந்தப் பாசிகளை நம்பிச் சிற்றுயிர்களும், அவற்றை நம்பி மீன்களும், மீன்களை நம்பி ஆற்றின் முடிவிலிருக்கும் விக்டோரியா ஏரிக்கரை மக்களும் வாழ்கிறார்கள். நீர்யானை குறைந்தால் ஆறு தூய்மையாகும் என்று சொல்லிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

சாணத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. வாலை விசிறிபோல் வேகமாக அசைத்து அதைச் சிதறடித்து ஆண்கள் தம் எல்லையை அறிவிக்கின்றன. மொசாம்பிக்கின் மபூட்டோ காப்பகத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நீர்யானைகளின் குரலைப் பதிவுசெய்து, பிற கூட்டங்களுக்கு ஒலிபரப்பிப் பார்த்தார்கள். அருகிலுள்ள ஏரிக் கூட்டத்தின் குரலைக் கேட்டபோது அவை பெரிதாகக் கலங்கவில்லை. அறியாத கூட்டத்தின் குரலுக்கோ சினந்து, சாணம் சிதறடித்துப் பதிலளித்தன. அயலவர் யார், அந்நியர் யார் என்று குரலை வைத்தே பிரித்தறியும் திறன் அவற்றுக்கு இருப்பது 2022இல் இவ்வாறு தெரியவந்தது.

நீர்யானையின் உறவுமுறையைச் சொன்னால் பலர் முதலில் நம்புவதில்லை. உருவத்தைப் பார்த்துப் பன்றிக் குடும்பத்தோடு அதைச் சேர்த்துவைத்த காலம் ஒன்றிருந்தது. மரபணு ஆய்வுகளும் தொல்லெச்சங்களும் சேர்ந்து அதைத் திருத்தின: இன்று உயிரோடிருப்பவற்றில் நீர்யானைக்கு மிக நெருங்கிய உறவு திமிங்கிலங்களும் ஓங்கில்களும்தான். இரண்டு கிளைகளுக்கும் பொதுவான மூதாதை 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. ஒரு கிளை கடலுக்குப் போய்க் கால்களை இழந்தது. மற்றொன்று ஆற்றங்கரையில் நின்றுகொண்டது. நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இதில் உண்டு. நீர்யானை இனங்கள் ஆப்பிரிக்காவோடு நின்றவை அல்ல. அவற்றின் தொல்லெச்சங்கள் நர்மதைப் பள்ளத்தாக்கிலும், இலங்கையின் இரத்தினபுரியிலும், ஜாவாவிலும் கிடைத்திருக்கின்றன. இன்றைய ஆப்பிரிக்க நீர்யானையிலிருந்து வேறுபட்ட அந்த ஆசிய இனங்கள் அழிந்துபோயின.

உயிரோடிருக்கும் இனங்கள் இரண்டு. இதுவரை சொன்னது பெரிய நீர்யானையைப் பற்றியது. மற்றது மேற்கு ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளில் வாழும் குள்ள நீர்யானை. எடை 180 முதல் 275 கிலோ வரை. பெரியதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அது கூட்டமாக வாழ்வதில்லை. நிழல் மிகுந்த காட்டில் வாழ்வதால் பகலெல்லாம் ஆற்றில் கிடக்க வேண்டிய கட்டாயமும் அதற்குக் குறைவு. கண்கள் தலையின் உச்சியில் இல்லாமல் பக்கவாட்டில் இருப்பதற்கும் அதுவே பொருந்துகிறது. 2024 ஜூலையில் தாய்லாந்தின் காவ் கியாவ் விலங்குப் பூங்காவில் பிறந்து, நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசி வரை வந்துசேர்ந்த மூ டெங் இந்த இனத்தைச் சேர்ந்தது.

இந்தக் குள்ள நீர்யானையின் கதைக்குள் ரப்பர் தரும் பால்மரம் நுழைவதை நம் வட்டாரத்தில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1877இல் கோலா கங்சாரில் நடப்பட்ட முதல் பால்மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அதிலிருந்து பெருகிய மலாயா ரப்பர்தான் 1920களில் உலகச் சந்தையை ஆண்டது. விலை சரிந்ததால் 1922இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதி செய்யும் ரப்பரின் அளவைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது. அமெரிக்க டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்டோன் வேறிடம் தேடி லைபீரியாவுக்குப் போனார். 1926இல் அந்நாட்டு அரசோடு 10 லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்கு உடன்பாடு செய்து, காட்டை அழித்துத் தோட்டம் போட்டார். அந்தத் தோட்டத்தில் பிடிபட்ட ஒரு குள்ள நீர்யானையை 1927இல் அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். பில்லி என்று பெயரிடப்பட்ட அது வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சி சாலையில் 1955 வரை வாழ்ந்தது. அமெரிக்க மிருகக்காட்சி சாலைகளில் இன்றிருக்கும் குள்ள நீர்யானைகளில் பெரும்பாலானவை பில்லியின் வழித்தோன்றல்கள். மலாயாவின் ரப்பர் விலையைக் காக்கப் போட்ட ஒரு திட்டம், கடல் கடந்து ஒரு காட்டையும் அதில் வாழ்ந்த ஒரு விலங்கையும் தொட்டது. தோட்டப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும்போது இதைச் சேர்த்துச் சொல்லலாம் என்பது என் விருப்பம்.

இரண்டு இனங்களின் நிலையும் கவலைக்குரியதே. பெரிய நீர்யானைகள் 1,15,000 முதல் 1,30,000 வரை எஞ்சியிருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டு, அழியும் வாய்ப்புள்ள இனங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. இறைச்சிக்காகவும் பற்களுக்காகவும் அவை கொல்லப்படுகின்றன. யானைத் தந்தம்போல் செதுக்கப் பயன்படுவதால் அந்தப் பற்களுக்குப் பழங்காலம் முதலே கிராக்கி உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் அணிந்த பொய்ப்பற்களில்கூட நீர்யானைப் பல் இருந்தது. காங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவில் 1970களில் ஏறத்தாழ 29,000 நீர்யானைகள் இருந்தன. போரும் வேட்டையும் தொடர்ந்ததில் 2005 வாக்கில் ஆயிரத்துக்கும் குறைந்துவிட்டன. இதற்கு நேர்மாறாக, கொலம்பியாவில் போதைப்பொருள் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபார் 1980களில் தன் பண்ணைக்குக் கொண்டுவந்த நான்கு நீர்யானைகள், அவர் 1993இல் கொல்லப்பட்ட பின்னர் ஆற்றோரம் பரவி நூற்றுக்கும் மேலாகப் பெருகிவிட்டன. ஆறு உண்டு, புல் உண்டு, கடும் வறட்சி இல்லை என்னும் அந்த நிலத்தில் அவற்றைத் தடுக்க எதுவுமில்லை. அரசு இப்போது கருத்தடை செய்து கட்டுப்படுத்த முயல்கிறது.

குள்ள நீர்யானைகள் லைபீரியா, சியரா லியோன், கினி, ஐவரி கோஸ்ட் ஆகிய நான்கு நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2,000 முதல் 2,500 வரையே இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. காடு குறைவதே அவற்றுக்கு முதல் ஆபத்து. மரம் வெட்டுவதாலும், சுரங்கம் தோண்டுவதாலும், பயிர்நிலம் விரிவதாலும் அவற்றின் இருப்பிடம் துண்டு துண்டாகிறது. லைபீரியாவின் சாப்போ தேசியப் பூங்காவில் அவற்றை ஆய்வு செய்பவர்கள் நேரில் காண்பது அரிது. மரங்களில் கட்டிவைத்த தானியங்கிக் கேமராக்களில் இரவில் பதியும் படங்களைக் கொண்டும், ஓடைக்கரைச் சேற்றில் பதிந்த நான்கு விரல் தடங்களைக் கொண்டுமே, எந்தெந்த ஓடைகளில் அவை இன்னும் நடமாடுகின்றன என்பதைக் கண்டறிகிறார்கள்.